சடை விழுந்தால் சாமியா?

(கும்மிடிப்பூண்டியில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று இக்கூட்டத்தில் வேறு ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசுவதாகத்தான் நான் வந்தேன். ஆனால் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு வாலிபத் தோழர் என்னை நிறுத்தி, “ஐயா, என் தலையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசவேண்டும்” என்று கேட்டுக்கொண்டார். அவர் தலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கயிறு கயிறாகத் திரித்துத் தோள்வரை தொங்கவிட்டிருக்கிறார். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அங்கே மேலாள், “வெட்டிவிட்டு வா, இல்லாவிட்டால் வராதே” என்கிறாராம். வீட்டிலே தாயார், “சாமியாராய்ப் போகப் போகிறாயா, இல்லை ரௌடியாய்ப் போகப் போகிறாயா?” என்று அழுகிறாராம். தெருக்கோடியில் ஒரு கிழவியோ, அவரைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம். தலை ஒன்று, அதற்குக் கிடைக்கிற மரியாதை மூன்று தினுசு! ஆகவே நான் பேச வந்ததை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டு, இந்தச் சடை விஷயத்தையே இன்று எடுத்துக்கொள்ளுகிறேன்.

மயிர் ஒரு பெரிய விஷயமா என்று சிலருக்குத் தோன்றலாம். மற்ற தேசத்தில் எப்படியோ, நம் நாட்டில் அது பெரிய விஷயமாகத்தான் இருந்து வந்திருக்கிறது. புருஷன் செத்தால் பார்ப்பனப் பெண்ணுக்குத் தலையைச் சிரைத்து மூலையில் உட்காரவைத்தார்கள். குடுமி வைக்கிற விதத்தைப் பார்த்தே இன்ன ஜாதி என்று கண்டுகொண்டார்கள். மயிரை வெட்டிச் சுத்தம் செய்கிறவனைத் தீட்டுக்காரன் என்று தள்ளி வைத்தார்கள். அதே மயிரைக் காணிக்கையாக வாங்கி ஏலம் போடுகிற கோயிலுக்கு மாத்திரம் தீட்டு இல்லை! பெண்கள் கிராப்பு வைத்துக்கொள்ளவேண்டும் என்று பெரியார் சொன்னபோது, அதற்காக அவர்மீது கோபப்பட்டவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. பெண்ணுக்குத் தினம் ஒரு மணி நேரம் மிச்சமாகிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்படிப்பட்ட ஊரில் சடையைப் பற்றிப் பேசினால் அது வெறும் மயிரைப் பற்றிய பேச்சாக நிற்காது.

முதலில் சடை எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். நான் சொல்லுவதற்காக நம்பவேண்டாம். தாய்மார்கள் தங்கள் வீட்டுச் சங்கதியைக்கொண்டே யோசித்துப் பாருங்கள். காலையில் தலை வாரினால் சீப்பில் கொஞ்சம் மயிர் வருகிறது. அதை விரலில் சுற்றி உருட்டிச் சுவர் இடுக்கில் செருகி வைக்கிறீர்கள். நாலைந்து மாதம் சேர்த்துப் பாத்திரக்காரனிடம் போட்டால் ஒரு கிண்ணமோ கரண்டியோ கொடுத்துவிட்டுப் போகிறான். அந்த மயிர் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு மயிரும் சில வருஷங்கள் வளர்ந்து, பிறகு தானாக உதிருகிறது. மனிதர் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் மயிர் இருக்கிறது. ஆரோக்கியமான தலையிலேயே நாள் ஒன்றுக்கு 50 முதல் 100 வரை உதிரும். வாரினால் அது சீப்பில் வந்துவிடும். வாராவிட்டால்? உதிர்ந்தது உதிர்ந்த இடத்திலேயே தங்கி, பக்கத்திலுள்ள மயிரைச் சுற்றிக்கொள்ளும். நாளைக்கு ஐம்பது என்று வைத்தாலும் வருஷத்துக்குப் பதினெட்டாயிரம் மயிர் ஆயிற்று. மயிரின் மேல்பக்கம் கண்ணுக்குத்தான் வழுவழுப்பு. நுண்ணோக்கியில் பார்த்தால் மீன் செதிள் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். அந்தச் செதிள் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். அதோடு எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் வியர்வையும் சேர்ந்தால் ஆட்டுமயிர்க் கம்பளி மாதிரி இறுகிவிடும். சுவர் இடுக்கில் நீங்கள் செருகுகிற உருண்டைதான் சடை. இருக்கிற இடம்தான் வேறு.

இவ்வளவுதான் விஷயம். இதில் அம்மன் எங்கே வந்தாள்? ஈசுவரன் எங்கே வந்தான்?

ஆனால் நம் ஜனங்களுக்குச் சடையைக் கண்டதும் கை தானாகக் குவிகிறது. குவியாமல் என்ன செய்யும்? இதோ நம் ஜில்லாவிலேயே திருவாலங்காடு இருக்கிறது. அங்கே சிவன் சடையை விரித்துப்போட்டு ஆடினார் என்று சொல்லி, அதற்கு இரத்தின சபை என்று பெயரும் வைத்து, நூற்றாண்டுக் கணக்காகப் பாடி வந்திருக்கிறார்கள். சடையிலே கங்கை இருக்கிறது, பிறை இருக்கிறது என்று பால்குடிக்கிற வயதிலிருந்து காதில் ஓதினால், சிக்குப் பிடித்த தலையைக் கண்டவுடன் சிவன் ஞாபகம் வராமல் சீப்பின் ஞாபகமா வரும்?

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சாமியார் தலையில் சடை இருந்தால் விழுந்து கும்பிடுகிறார்கள். செங்கற்சூளையில் வேலை செய்கிற இருளர் பிள்ளையின் தலை எண்ணெய் இல்லாமல் சிக்குப் பிடித்திருந்தால், “தள்ளி நில்லு, பேன் ஒட்டும்” என்கிறார்கள். நரிக்குறவப் பெண்ணின் தலையைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்ளுகிறவர்களே, காவி கட்டியவனின் சடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுகிறார்கள். இரண்டும் ஒரே சிக்குத்தானே? காவிக்காரன் வேண்டுமென்று வாராமல் விட்டான். சூளைக்காரன் பிள்ளைக்கு எண்ணெய் வாங்கக் காசில்லை. வேண்டுமென்று அழுக்காய் இருப்பவனுக்குத் தட்சணை, வேறு வழியின்றி இருப்பவனுக்கு வசவு! இந்த நியாயத்தை எந்தத் தராசில் நிறுப்பது?

இனி என் சொந்த வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்லுகிறேன். ஊத்துக்கோட்டைக்கும் பெரியபாளையத்துக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் என் அத்தை ஒருத்தி வாழ்க்கைப்பட்டிருந்தாள். 1991-ம் வருஷம் அவளுக்குக் குடல் காய்ச்சல் வந்து இரண்டு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். எண்ணெய் இல்லை, தண்ணீர் இல்லை, சீப்பு இல்லை. தலையணையில் பின்னந்தலை தேய்ந்தபடியே இருந்தது. எழுந்து உட்கார்ந்தபோது பின்பக்கத்தில் ஒரு கையளவு மயிர் ஒரே கட்டையாக இறுகியிருந்தது. அன்றைக்கே ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்திருந்தால் இரண்டு நாளில் தீர்ந்திருக்கும். ஆனால் பக்கத்து வீட்டுக் கிழவி வந்து பார்த்தாள். “அடி ஆத்தாடி, பவானி வந்து எறங்கியிருக்காடி! கத்தி பட்டா கண்ணு போயிடும்” என்று ஒரு குலவை போட்டாள். அவ்வளவுதான். அந்தக் குலவையோடு என் அத்தையின் தலை அவளுக்குச் சொந்தமில்லாமல் போயிற்று.

அது வளர்ந்தது. மயிர் மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம் வளரும் அல்லவா? வருஷம் ஐந்தாறு அங்குலம். சில வருஷத்தில் இடுப்பைத் தாண்டிவிட்டது. அதற்கு மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம் சுற்றினார்கள். உள்ளே தண்ணீர் போனால் உலராது என்று அவளுக்கே தெரியும். ஆகவே தலைக்கு ஊற்றிக்கொள்ளுவதே அபூர்வம். உள்ளே பேன், மேலே ஈ. மல்லாந்து படுக்கமுடியாது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துபோயிற்று. களையெடுக்கக் குனிந்தால் சடை சேற்றில் விழும் என்று முந்தானையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வேலை செய்தாள். ஆடி மாதம் வந்தால் பெரியபாளையத்துக்குப் போகிற ஜனங்கள் வழியில் நின்று அவள் காலில் விழுவார்கள். விழுந்தவர்கள் ஒருவராவது “தாயே, கழுத்து வலிக்கிறதா?” என்று கேட்டதில்லை.

நான் அப்போது வாலிபன். நாலு புத்தகம் படித்துவிட்ட மிடுக்கு. ஒருநாள் நேராகப் போய், “அத்தே, இந்தத் திருத்தணி முருகன் வருஷம் முழுக்க ஊரார் மயிரை வாங்கிக்கொள்ளுகிறான். பெரியபாளையத்திலேயே பிள்ளைகளுக்கு மொட்டை அடிக்கிறார்கள். அங்கெல்லாம் கத்தி வைத்தால் புண்ணியம், உன் தலையில் கத்தி வைத்தால் கண் போய்விடுமா? ஒரே மயிருக்கு இரண்டு சட்டமா?” என்று கேட்டேன். மடக்கிவிட்டேன் என்று எனக்குப் பெருமை. அவள் சிரித்தாள். சுற்றிலும் ஆள் இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: “டேய் கண்ணு, இது வந்தப்புறம் உங்க மாமா என்மேல கை வைக்கிறதில்லடா.”

தோழர்களே! எனக்கு வாயடைத்துப் போயிற்று. தினம் குடித்துவிட்டு வந்து அடித்த மனிதன், சடை விழுந்த நாளிலிருந்து பயந்து திண்ணையில் படுத்துக்கொண்டான். மனைவியாக இருந்தவரை அடி. அம்மனாக ஆனபிறகு கும்பிடு. நடுவில் மனுஷியாக இருக்க அவளுக்கு இடமே கொடுக்கவில்லை. அந்தச் சடை அவளுக்கு ஒரு பாரமுமாயிற்று, ஒரு கோட்டையுமாயிற்று. அதை மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டு நான் வந்துவிடலாம்; ஆனால் அந்தக் கோட்டையைத் தட்டிவிட்டால் அவளை யார் காப்பாற்றுவது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. பகுத்தறிவுக்காரன் என்று சொல்லிக்கொள்ளுகிறவனுக்கு இது ஒரு அவமானமான நிலைமை என்றே அன்று நினைத்தேன்.

இது என் அத்தை ஒருத்தியின் கதை அல்ல என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இலங்கையைச் சேர்ந்த கணநாத் ஒபயசேகர என்கிற மானிடவியல் அறிஞர், கதிர்காமத்தில் சடை வளர்த்த பெண் சாமியார்களிடம் உட்கார்ந்து அவர்கள் வாழ்க்கையைக் கேட்டு, 1981-ல் ஒரு புத்தகமே எழுதினார். சடையைப் பார்த்ததும் முதலில் தமக்கு அருவருப்பு உண்டானது என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். விசாரித்துப் பார்த்தால் அந்தப் பெண்களின் சடைக்குப் பின்னால் எல்லாம் துக்கம்: வேண்டியவர்களைச் சாகக்கொடுத்த துக்கம், புருஷனோடு ஒத்துப்போகாத வாழ்க்கை. தெய்வம் கொடுத்த வரம் என்று அவர்கள் சொன்னது, வேறு எந்த வழியிலும் வெளியே சொல்லமுடியாத கஷ்டத்தைத்தான்.

கர்நாடகத்தில் பெல்காம் பக்கம் சவதத்தியில் எல்லம்மா கோயில் இருக்கிறது. அங்கே இந்தச் சடை இன்னும் கொடிய வேலை செய்தது. ஏழைப் பெண்ணின் தலையில் சிக்கு விழுந்தால், அது எல்லம்மா தன்னைக் கூப்பிடுகிற அடையாளம் என்று சொல்லி அவளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விட்டார்கள். தாழ்த்தப்பட்ட ஜாதிக் குடும்பங்களில்தான் எல்லம்மா அதிகமாக இறங்கினாள். அக்கிரகாரத்துப் பெண்ணின் தலையில் சீப்பு இருந்ததால் அவளுக்கு வழி கிடைக்கவில்லை போலும்! நம் மாகாணத்தில் 1947-லேயே பொட்டுக்கட்டுவதைத் தடுத்துச் சட்டம் வந்தது. அதற்காக முத்துலட்சுமி ரெட்டி அவர்களும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அவர்களும் எத்தனை வருஷம் பாடுபட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். கர்நாடகத்தில் 1982-ல் தனிச் சட்டம் செய்தார்கள்.

மகாராஷ்டிரத்தில் நரேந்திர தாபோல்கர் என்ற டாக்டர் 1989-ல் மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார். அந்தச் சங்கத்தார் ஊர் ஊராகப் போய், சடை சுமக்கும் பெண்களிடம் பேசி, அவர்கள் சம்மதத்தின்மேல் வெட்டிவிடுகிற வேலையைத் தொடர்ந்து செய்து வருகிறார்கள். தாபோல்கரை 2013 ஆகஸ்டு 20-ந் தேதி புனாவில் காலையில் உலாவப் போனபோது சுட்டுக் கொன்றார்கள். அவர் கேட்டுக்கொண்டிருந்த சட்டம் அந்த வருஷமே வந்தது, கேட்டவர்தான் பார்க்கவில்லை. புனாவில் நந்தினி ஜாதவ் என்கிற அம்மையார், சிங்காரக் கடைத் தொழில் தெரிந்தவர், இப்படி நூற்றுக்கு மேற்பட்ட பெண்களின் சடையைத் தம் கையாலேயே நீக்கியிருக்கிறார். அந்த வேலையில் கத்தரிக்கோல் பிடிப்பது சில நிமிஷம்தான். அதற்கு முன்னால் குடும்பத்தாரோடு பேசுவதுதான் நாட்கணக்கு, மாதக்கணக்கு என்று தெரிகிறது.

இது இந்துக்களின் மடமை மாத்திரம் என்று யாரும் நினைக்கவேண்டாம். ஐரோப்பாவில் போலந்து தேசத்தில் கிறிஸ்தவக் குடியானவர்களும் இப்படித்தான் சடை வைத்துக்கொண்டிருந்தார்கள். உடம்பிலுள்ள நோயெல்லாம் சடைக்குள் போய் அடைந்திருக்கிறது. வெட்டினால் நோய் திரும்ப உடம்புக்குள் பாய்ந்து குருடாகவோ பைத்தியமாகவோ ஆகிவிடுவோம் என்று நம்பினார்கள். நம் கிழவி சொன்ன அதே கண் பயம் பாருங்கள், நாலாயிரம் மைலுக்கு அப்பால்! வைத்தியர்களே அதை ஒரு வியாதி என்று பெயர் வைத்துப் புத்தகம் எழுதினார்கள். 19-ம் நூற்றாண்டின் நடுவில் கிராக்கௌ நகரத்து யோசெப் டீட்டல் என்ற பேராசிரியர், இது நோயுமல்ல தெய்வச் செயலுமல்ல, வாராமல் கழுவாமல் விட்டதன் பலன்தான் என்று காட்டி, வெட்டுங்கள் என்று பிரசாரம் செய்தார். சடைக்கு வரி போடப்போகிறார்கள் என்று ஒரு புரளியும் கிளம்பிற்றாம். அதைக் கேட்டு அநேகர் அவசரமாக வெட்டிக்கொண்டார்களாம். கண் போய்விடும் என்கிற பயத்தைவிடக் காசு போய்விடும் என்கிற பயம் பெரிது போலும். இன்றைக்குப் போலந்தில் சடையைப் பார்க்கவேண்டுமானால் காட்சிசாலைக்குத்தான் போகவேண்டும்.

இப்போது நம் வாலிபத் தோழரின் தலைக்கு வருகிறேன். அவர் சடையில் அம்மனும் இல்லை, சிவனும் இல்லை. அவர் சட்டையில் இருக்கிற படத்தைப் பாருங்கள். பாப் மார்லி என்கிற பாட்டுக்காரர், 1981-ல் காலமானார். ஜமைக்கா தீவில் ஆப்பிரிக்க அடிமைகளின் சந்ததியார் 1930-க்குப் பிறகு ராஸ்தாபாரி என்று ஒரு மார்க்கம் கண்டு, வெள்ளைக்காரன் எது அழகு என்று சொன்னானோ அதற்கு நேர்விரோதமாகத் தங்கள் சுருட்டை மயிரை வாராமல் வளர்த்துச் சடையாக்கிக்கொண்டார்கள். ‘டிரெட்’ என்றால் இங்கிலீஷில் அச்சம். அந்தத் தீவுக்கு 1845 முதல் நம் நாட்டுக் கூலிகளையும் கப்பலேற்றினார்கள். ‘கஞ்சா’ என்கிற வார்த்தையே அவர்களோடுதான் அங்கே போயிற்று. சடையும் நம் சாதுக்களைப் பார்த்துத்தான் அவர்களுக்கு வந்தது என்று சில அறிஞர்களும், இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று வேறு சிலரும் சொல்லுகிறார்கள். எப்படியிருந்தாலும் அதற்காக அவர்கள் பட்ட பாடு நிஜம். 1963 ஏப்ரலில் அங்கே ஒரு கலகத்தைச் சாக்காக வைத்துப் போலீசார் நூற்றுக்கணக்கான ராஸ்தாக்களைப் பிடித்து அடித்து, பலவந்தமாகச் சடையைச் சிரைத்தார்கள். 2017-ல்தான் ஜமைக்கா பிரதம மந்திரி அதற்கு மன்னிப்புக் கேட்டார். அவர்களுடைய சாமியிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. ஓர் அபிசீனியா ராஜாவைக் கடவுள் என்கிறார்கள். ஆனால் தலையைப் பிடித்துச் சிரைக்கிற போலீசாரோடு நான் சேரமாட்டேன்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் 2010-ம் வருஷம் ஒரு கறுப்புப் பெண்ணுக்கு வேலை கொடுப்பதாகச் சொல்லிவிட்டுச் சடையை வெட்டினால்தான் என்றார்கள். அவர் மாட்டேன் என்றார், வேலை போயிற்று. வழக்கு 2016-ல் மேல்கோர்ட்டில் தோற்றுப்போயிற்று. பிறகு 2019-ல் கலிபோர்னியாக்காரர்கள், இப்படித் தலைமயிரைக் காரணம் காட்டி வேலையோ பள்ளிக்கூடமோ மறுக்கக்கூடாது என்று சட்டமே செய்தார்கள். பிறகு வேறு பல மாநிலங்களும் செய்தன.

தோழருக்கு நான் சொல்லுகிறது இதுதான். உம் தலை உம்முடையது. ஆனால் வைத்துக்கொள்ளுகிறீரே, அறிவோடு வைத்துக்கொள்ளும். ஆப்பிரிக்கருடைய மயிர் சுருள். விட்டால் தானாகப் பின்னிக்கொள்ளும். நம்மவரில் பலருக்குக் கோடாக இருக்கிற மயிர். அதனால்தான் சென்னையில் கடைக்காரன் உம்மை ஒருநாள் முழுக்க உட்காரவைத்து, பங்கு பங்காகப் பிரித்து, நுனியிலிருந்து வேர்ப்பக்கம் சீப்பால் எதிர்த்து வாரிச் சிக்காக்கி, குரோஷா ஊசியால் உள்ளே குத்திக் குத்தி இறுக்கினான். அது சரியாக இறுகி நிற்க ஆறுமாதம் முதல் ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். அதுவரை பிசிறு பிசிறாகத்தான் இருக்கும். மெழுகு பூசச் சொல்லுவார்கள், வேண்டாம். உள்ளே தங்கி அழுக்கைப் பிடித்து வைக்கும். கழுவினால் சடை பிரிந்துவிடும் என்பது சுத்தப் பொய். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத மயிர்தான் நன்றாக இறுகும். வாரம் ஒருமுறையாவது மண்டைத்தோல் வரையில் நன்றாக அலசி, பிழிந்து, வெயிலிலோ விசிறியிலோ முழுக்க உலர்த்தவேண்டும். ராத்திரி குளித்துவிட்டு ஈரத்தோடு படுத்தால் பூஞ்சணம் பிடித்து ஈரத்துணி வாடை வரும். இறுக்கி இழுத்துக் கட்டாதீர். நெற்றியோரம் மயிர் உதிர்ந்து தோல் தெரிய ஆரம்பித்தால் அது பாரம் தாங்காத அடையாளம். இழுப்பு நீடித்தால் அந்த இடத்தில் திரும்ப முளைக்காது. நாளைக்கு வேண்டாமென்று தோன்றினால் வெட்டலாம். பொறுமை இருந்தால் வழுவழுப்பான தைலம் தடவி ஊசியால் நுனியிலிருந்து பிரிக்கவும் செய்யலாம். பிரிக்கும்போது கொத்துக் கொத்தாக மயிர் வரும். மொட்டையாகிவிடுவோமோ என்று பயப்படாதீர். அதெல்லாம் எப்போதோ உதிர்ந்து சடைக்குள் தங்கிப்போன மயிர்.

தொழிற்சாலை விஷயத்தில் ஒரு நியாயம் உண்டு, ஒரு அநியாயமும் உண்டு. கடைசல் இயந்திரம், துளையிடும் இயந்திரம் ஓடுகிற இடத்தில் தொங்குகிற மயிர் கழுத்துக்கு எமன். சுழலுகிற தண்டு ஒரு கணத்தில் சுற்றிக்கொண்டால் தோலோடு உரித்துவிடும். அங்கே தலையைக் கட்டி மூடவேண்டும் என்று சொன்னால் அதை மேலாளின் அதிகாரம் என்று நினைக்காதீர். தலைக்கவசம் சடையின்மேல் சரியாக உட்காராவிட்டால் அதுவும் ஆபத்துத்தான். சுழலும் பாகங்களுக்கு முதலாளி தடுப்புப் போடவேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. தடுப்பு இருக்கிறதா என்று நீங்களும் திருப்பிக் கேளுங்கள். ஆனால் பக்கத்து வரிசையில் இடுப்புவரை பின்னல் உள்ள பெண்கள் மயிரைச் சுருட்டித் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்கிறார்கள் அல்லவா? அவர்களில் யாரையாவது வெட்டிவிட்டு வா என்றார்களா? அப்படியானால் இது இயந்திரத்தைப் பற்றிய பயமல்ல. இந்தப் பையன் பார்வைக்கு அடங்கினவனாக இல்லையே என்கிற எரிச்சல். கட்டி மூடினபிறகும் வெட்டச் சொன்னால் தனியாக நின்று சண்டை போடாதீர். சங்கத்தை அழைத்துக்கொண்டு போய்க் காரணத்தை எழுத்தில் கேளும்.

தெருக்கோடிக் கிழவி கும்பிட்டாளே, அவளிடம் மாத்திரம் கொஞ்சம் நின்று பேசும். “பாட்டி, இது இத்தனை ரூபாய் கொடுத்துக் கடையில் போட்டது” என்று சொல்லும். அம்மன் சடைக்கு ரசீது உண்டா என்று அவள் யோசிக்கட்டும்.

என் அத்தையின் கதை பாதியில் நிற்கிறது. 2000-ம் வருஷம் அவளுடைய மகள் பொன்னேரியில் குடியேறினாள். அவள் வந்து, “அம்மா, அவர் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் இனி நீ என்னோடு இரு” என்று சொன்னாள். அதற்குப் பிறகுதான் என் அத்தை வாய் திறந்து, “வெட்டிடலாமாடா கண்ணு?” என்று கேட்டாள். கவனியுங்கள்: ஒன்பது வருஷம் நான் பேசிய தர்க்கத்துக்கு அசையாதவள், தலை சாய்க்க ஓர் இடம் கிடைத்ததும் தானாகக் கேட்டாள்.

பொன்னேரியில் மகள் வீட்டு முற்றத்தில் என் மனைவிதான் வெட்டினாள். சாதாரணக் கத்தரிக்கோல் ஏறவில்லை. தையற்காரரிடம் பெரிய கத்தரிக்கோல் வாங்கி வந்தோம். வேர்ப்பக்கம் இரண்டு விரற்கடை விட்டு, கயிறு அறுப்பதுபோல் அறுக்கவேண்டியிருந்தது. கால் மணி நேரம். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு இருந்தாள். விழுந்த சடையைத் தூக்கினால் நனைந்த தாம்புக்கயிறு மாதிரி கனம். உள்ளே ஒரு ஊக்கும், வேப்பிலைக் காம்புகளும், எந்த ஆடியிலோ யாரோ செருகிய ஒரு மஞ்சள் துணியும் இருந்தன. அடியில் தோல் முழுக்கப் புண். டாக்டரிடம் காட்டி இரண்டு வாரத்தில் ஆறிற்று.

அன்றிரவு அவள் தூங்கவில்லை. விளக்கை அணைக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு, கண் தெரிகிறதா தெரிகிறதா என்று சுவரிலிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாங்களும் கூடவே உட்கார்ந்திருந்தோம். விடியற்காலையில் என்னைக் கூப்பிட்டு, “டேய் கண்ணு, அதுல இன்னா தேதிடா போட்ருக்கு? பதினாலா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். “தெரியுதுடா” என்று சொல்லிவிட்டு, தலையணையை இழுத்துப் போட்டு, மல்லாந்து படுத்தாள். பகல் இரண்டு மணிவரை எழுந்திருக்கவில்லை.